தாயமும் இரண்டு ஆறுகளும்

(கேமரன் மலை, ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டக் கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மழையோடு மழையாக வந்திருக்கிறீர்கள். ஈரக் குடைகளைத் தூணோரம் சாய்த்துவிட்டு முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்களுக்கு நாற்காலி விடுங்கள், தம்பி.

இன்றைக்கு நான் பேசப்போகிற பொருளை எனக்குக் கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். போன தீபாவளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்திருந்த ஏழெட்டுப் பேர், எங்கள் லயத்து அஞ்சடியில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கையால் வரைந்த ஒரு வரைபடம். பக்கத்தில் எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம் என்று விதவிதமான பகடைகள். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் வழியில் வந்தது இது என்று விளக்கினார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள், முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். இரவு இரண்டு மணி வரை விளையாடினார்கள். நானும் தூங்கவில்லை.

அவர்களுடைய கற்பனை நாட்டில் கிழப் பிரபு இறந்துவிட்டார். பட்டத்துக்கு மூன்று பேர் நிற்கிறார்கள். மூத்தவன் ஒருவன், கெட்டிக்காரத் தம்பி ஒருவன், அத்தை வழியில் வந்த ஒருவன். "சார், நியாயமாகப் பார்த்தால் யாருக்குப் பட்டம் போகணும்?" என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த இரவில் பதில் வரவில்லை. அதன்பிறகு பல நாள் யோசித்தேன். பிள்ளைகள் வரைந்த நாட்டைப் போன்ற ஒரு நாடு நம் காலடியிலேயே இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று நிற்கிறேன்.

முதலில் ஒரு சொல். பிள்ளைகள் உருட்டிய பகடைக்கு நம் பாட்டிமார் என்ன பெயர் சொல்வார்கள்? தாயக்கட்டை. ஒன்று விழுந்தால் தாயம். அதே தாயம் என்ற சொல்லுக்குப் பரம்பரைச் சொத்து, உரிமைப் பங்கு என்றும் பொருள். சங்க காலத்திலேயே அரசுரிமையைத் தாயம் என்றுதான் சொன்னார்கள். அந்த உரிமையில் பங்கு கேட்கக்கூடியவன் தாயாதி. நம் ஊர்ப்பக்கம் தாயாதிச் சண்டை என்றால் எவ்வளவு கசப்பானது என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உருட்டுகிற கட்டைக்கும் உரிமைக்கும் ஒரே சொல்லை வைத்துப் புழங்கிய மக்கள் நாம். பட்டத்துக்குப் போட்டி என்றால் என்னவென்று நமக்குப் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது சொல் பெண்டஹாரா. மலாய் அரசுகளில் சுல்தானுக்கு அடுத்த பெரிய பதவி. வடமொழியில் பொக்கிஷசாலையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. நாம் கோயில் பண்டாரம் என்கிறோமே, அதுவும் அதே வேரில் முளைத்ததுதான். பகாங்கை 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆண்டவர்கள் இந்தப் பெண்டஹாராக்கள். நான் சொல்லப்போகும் சண்டை அந்தப் பொக்கிஷத்தின் சாவிக்காக நடந்த சண்டை.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். இந்த மண்டபத்திலிருந்து கீழே இறங்கினால் பெர்த்தாம் ஆறு. வடக்கே தெலோம் ஆறு. இரண்டும் இயற்கையில் எங்கே போகின்றன? கிழக்கே ஜெலாய் ஆற்றுக்கு. ஜெலாய், தெம்பெலிங் ஆற்றோடு சேர்ந்து பகாங் ஆறாகி, தீபகற்பத்தின் மிக நீளமான ஆறாக வளைந்து வளைந்து பெக்கானில் கடலைத் தொடுகிறது. சாலை வருவதற்கு முன் பகாங் என்ற நாடே இந்த ஆறுதான். பொன், ஈயம், பிரம்பு, அகில், குங்கிலியம் என்று காடும் மண்ணும் கொடுத்ததெல்லாம் படகில்தான் இறங்கியது. உப்பும் துணியும் படகில்தான் ஏறின. ஆற்றின் வாயில் உட்கார்ந்திருப்பவன் போகிற வருகிற ஒவ்வொரு படகுக்கும் வரி வாங்குவான். ஆற்று வாயைப் பிடித்தவன் நாட்டைப் பிடித்தவன். கோட்டை, கொத்தளம், சிம்மாசனம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அப்போது இந்த மலை யாருடையது? செமாய் மக்களுடையது. தெலோம், பெர்த்தாம் பள்ளத்தாக்குகளில் இன்றும் அவர்களுடைய ஊர்கள் இருக்கின்றன. அகிலும் பிரம்பும் தேடி எடுத்தவர்கள் இவர்களைப் போன்ற ஓராங் அஸ்லி மக்கள். அதைப் பெயருக்கு உப்பும் துணியும் கொடுத்து வாங்கி ஆற்றில் இறக்கியவர்கள் தலைவர்கள். அது மட்டுமா? அந்த நூற்றாண்டில் ஓராங் அஸ்லி மக்களை அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகும் கும்பல்கள் இந்தக் காடுகளில் திரிந்தன. பட்டத்துச் சண்டைக் கதைகளில் இவர்கள் பெயர் வருவதில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பகாங் சுல்தான்களின் வரலாறே பட்டம் கிடைக்காமல் போன ஒரு பிள்ளையோடு தொடங்குகிறது. மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் ராஜா முகமது. ஒரு நாள் குதிரையில் போகும்போது, தெருவில் செப்பாக் ராகா விளையாடிக்கொண்டிருந்தவர்களின் பிரம்புப் பந்து பட்டு அவனுடைய தலைப்பாகை விழுந்தது. பந்தை உதைத்தவன் பெண்டஹாரா துன் பேராக்கின் மகன். இளவரசனின் ஆள் அவனை அங்கேயே குத்திக் கொன்றான். பெண்டஹாராவின் ஆட்கள் ஆயுதத்தோடு திரண்டார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துன் பேராக், அவர்களைத் தடுத்து நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னார். இந்த இளவரசனை நாங்கள் அரசனாக ஏற்க மாட்டோம். சுல்தான் மகனை மலாக்காவிலிருந்து அனுப்பி, சுமார் 1470-ல் பகாங்கின் சுல்தான் ஆக்கினார். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு இதைச் சொல்கிறது. ஒரு பிரபு கத்தியை உறையில் வைத்துக்கொண்டே ஒரு வாரிசைத் தள்ளிவைக்க முடிந்தது. என் பிள்ளைகள் விளையாட்டில் இப்படி ஒரு துன் பேராக் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதே நூலில் நமக்கு நெருக்கமான இன்னொரு பக்கம் உண்டு. மலாக்கா அரண்மனையில் தமிழ் முஸ்லிம் வம்சாவளியைச் சேர்ந்த ஒரு பிரபுக் குடும்பம் இருந்தது. கலிங்க நாடு என்று மலாய்க்காரர் அழைத்த தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவருடைய வழி. அவருடைய மகளைச் சுல்தான் மணந்தார். அவளுக்குப் பிறந்தவன் ராஜா காசிம். பட்டம் அவனுக்கு வரவில்லை, வேறு ராணி பெற்ற இளையவனுக்குப் போனது. 1446-ல் நடந்த அரண்மனைக் கலகத்தில் இளையவன் கொல்லப்பட, காசிம் சுல்தான் முசாபர் ஷா ஆனான். அந்தக் கலகத்தில் அவனுக்குப் பின்னால் நின்றவர் அவனுடைய தாய்மாமன் துன் அலி. பிறகு பெண்டஹாரா பதவிக்குத் துன் அலியின் கட்சிக்கும் துன் பேராக்கின் கட்சிக்கும் பகை முற்றியது. பகையைத் தீர்க்கத் துன் அலி பதவி விலகினார். அதற்கு ஈடாகத் துன் பேராக்கின் தங்கை துன் கூடுவைக் கேட்டார். அவளோ சுல்தானின் மனைவி. சுல்தான் அவளை விலக்கி, துன் அலிக்குக் கட்டிவைத்தார். அவளிடம் சம்மதம் கேட்டதாக எனக்குத் தெரிந்த பிரதி எதிலும் இல்லை. அந்தத் திருமணத்தில் பிறந்த மகன் துன் முத்தாஹிர் பின்னாளில் பெண்டஹாரா ஆகி, பெரும் செல்வம் சேர்த்து, 1510-ல் சுல்தான் மகமூதின் ஆணையால் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அடுத்த வருடம் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனது.

துன் அலி, அவர் மகன் துன் முத்தாஹிர். இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வையுங்கள். முந்நூற்று ஐம்பது வருடம் கழித்துப் பகாங்கிலும் ஒரு துன் அலி, அவருக்கு ஒரு மகன் துன் முத்தாஹிர். ஆட்கள் வேறு, பெயர்கள் அதே பெயர்கள்.

பகாங்கின் துன் அலி 1806-லிருந்து ஆண்டவர். அவருக்கு மேலே பெயரளவுக்கு ஜொகூர்-ரியாவ் சுல்தான் இருந்தார். ஆனால் 1812-ல் ஒரு சுல்தான் வாரிசைத் தெளிவாகச் சொல்லாமல் இறந்ததும் அந்தப் பேரரசே இரண்டாகக் கிழிந்தது. இளையவரை டச்சுக்காரர்கள் ஆதரித்தார்கள். மூத்தவர் உசேனை ராபிள்ஸ் தேடிப் பிடித்து, 1819-ல் சுல்தான் என்று அறிவித்துச் சிங்கப்பூரில் இடம் வாங்கிக்கொண்டார். ஆமாம், சிங்கப்பூர் என்ற துறைமுகமும் ஒரு வாரிசுச் சண்டைக்குள் கையை விட்டு எடுத்ததுதான். 1853-ல் துன் அலி அந்த மேலாண்மையையும் உதறித் தனியரசர் ஆனார். நீண்ட ஆட்சி, பெரும்பாலும் அமைதியான ஆட்சி. மூத்த மகன் முத்தாஹிர் தந்தை இருக்கும்போதே நிர்வாகத்தைப் பார்த்து வந்தார். இன்னொரு மனைவியின் மகன் வான் அகமது, 1836-ல் பிறந்தவர்.

1857-ல் துன் அலி கண்மூடினார். பட்டம் மூத்தவருக்கு. அதில் பெரிய குழப்பம் இல்லை. ஆனால் தந்தையின் உயிலில் ஒரு வாசகம் இருந்தது. குவாந்தான் ஆறு, எண்டாவ் ஆறு, இந்த இரண்டின் வருமானமும் வான் அகமதுக்கு. முத்தாஹிர் கொடுக்க மறுத்தார்.

இதுதான் ஆறு வருடப் போரின் விதை. கவனியுங்கள், தம்பி முதலில் கேட்டது பட்டத்தை அல்ல. இரண்டு ஆற்று வாய்களின் வரியை. ஏன் அண்ணன் மறுத்தார் என்று யோசித்தால், பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. வடக்கே குவாந்தான், தெற்கே எண்டாவ். நாட்டின் இரண்டு ஓரமும் தம்பியின் கையில் போனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் எத்தனை நாள் தாங்குவார்? அப்பா பாசத்தோடு எழுதிய பங்கு, அரசியலில் ஒரு முற்றுகை. அண்ணனுடைய அச்சத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, தம்பியின் ஆத்திரத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. அதனால்தான் "யார் நியாயம்" என்ற கேள்விக்கு அன்றிரவு எனக்குப் பதில் வரவில்லை.

அப்போது தம்பிக்கு வயது இருபத்தொன்று. சிங்கப்பூருக்குப் போனார், ஆள் திரட்டினார், 1857 முடிவதற்குள் கடல் வழியாக வந்து பெக்கான் பக்கம் தாக்கினார். தோற்றார். பிறகு திரெங்கானுவில் தஞ்சம். 1861-ல் கெமாமானிலிருந்து உள்நாட்டுக்குள் புகுந்தார். முதலில் முன்னேறி, பின் மறுபடியும் விரட்டப்பட்டார். மூன்றாவது முறை 1862-ல், திரெங்கானுவின் உட்பகுதி வழியாகத் தெம்பெலிங் ஆற்றில் இறங்கினார். இந்த முறை அவர் ஆற்று வாயைத் தேடிப் போகவில்லை. மேலேயிருந்து கீழே வந்தார். உள்நாட்டுத் தலைவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் சாய்ந்தார்கள். முத்தாஹிர் வயதாகித் தளர்ந்து, காரியங்களைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார். ஆற்றின் மேற்பாதி கைவிட்டுப் போனபின் கீழ்ப்பாதி நிற்கவில்லை.

இதற்கிடையில் வெளியாட்கள். அண்ணன் பக்கம் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம். 1861-ல் அவரோடு ஓர் உடன்படிக்கை. அந்தப் பக்கம் சிங்கப்பூர் வணிகர்களின் அனுதாபமும் உண்டு. தம்பி பக்கம் திரெங்கானு சுல்தான் உமர். அவருக்குப் பின்னால் சயாம் அரசு. போதாததற்கு, கிழிந்த பேரரசின் டச்சுப் பாதியை ஆண்டு, 1857-ல் டச்சுக்காரர்களாலேயே பதவியிறக்கப்பட்ட லிங்கா சுல்தான் மகமூத், தனக்கும் இழந்த நாட்டை மீட்க வழி பிறக்குமா என்று சயாம் கப்பலில் திரெங்கானுவுக்கு வந்து இறங்கினார். ஆக, ஒரு பட்டத்துச் சண்டைக்குள் இன்னொரு பட்டத்துச் சண்டை.

இதில் என் நெஞ்சைத் தைக்கிற விஷயம் ஒன்று. 1699-ல் கோத்தா திங்கியில் ஜொகூர் சுல்தான் கொல்லப்பட்டபோது, அவருடைய பெண்டஹாரா அரியணை ஏறினார். அந்த ஒரே பெண்டஹாரா குடும்பத்தின் கிளைகள்தான் பகாங் பெண்டஹாராக்கள், ஜொகூர் தெமெங்கோங்குகள், திரெங்கானு சுல்தான்கள். அண்ணன், தம்பி, அண்ணனுக்கு உதவியவர், தம்பிக்கு உதவியவர், எல்லாரும் ஒரே கொடிக்காய்கள். உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த நெடுங்கிள்ளியும் சோழனே என்று எடுத்துச் சொல்லக் கோவூர்கிழார் இருந்தார். பகாங்குக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. சிங்கப்பூர் ஆளுநர்கள் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பேசியது வணிகத்தின் பொருட்டு.

அந்தப் பேச்சு 1862 நவம்பரில் பீரங்கியாக மாறியது. மகமூதைச் சயாமுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கெடு வைத்த ஆளுநர் கேவனா, கெடு தீர்ந்ததும் போர்க்கப்பல்களைக் கொண்டு கோலா திரெங்கானுவைச் சுடச் செய்தார். சண்டை பகாங்கில், குண்டு விழுந்தது திரெங்கானுவில். அந்தக் கரையோர ஊரில் இருந்தவர்களுக்குக் குவாந்தான் வரியும் எண்டாவ் வரியும் என்ன ஆனால் என்ன? இந்தச் செயல் லண்டன் நாடாளுமன்றத்திலேயே கண்டிக்கப்பட்டது. குண்டு போட்டும் பயனில்லை. வான் அகமது ஏற்கெனவே பகாங்குக்குள் இருந்தார்.

1863-ல் எல்லாம் முடிந்தது. முத்தாஹிரும் மகன் கோரிசும் தோற்றுத் தெற்கே ஓடினார்கள். ஜொகூரின் கோலா செடிலியில், சில நாள் இடைவெளியில் தந்தையும் மகனும் இறந்துபோனார்கள். இருவரும் போர்க்களத்தில் சாகவில்லை. ஒரு ஆற்றின் வாயில், பிறர் மண்ணில். அந்த வருடம் ஜூன் மாதம் வான் அகமது பெண்டஹாரா ஆனார். சண்டைக்குக் காரணமான எண்டாவ் ஆறு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1868-ல் சிங்கப்பூர் ஆளுநர் ஆர்ட் அதையே பகாங்குக்கும் ஜொகூருக்கும் எல்லையாகக் கிழித்தார். இன்றும் அதுதான் எல்லை.

பட்டம் கிடைத்ததும் கதை முடிந்துவிடும் என்று விளையாட்டில் நினைக்கிறோம். வென்றவருக்குக் கடன் அங்கேதான் தொடங்குகிறது. சண்டையில் தோள் கொடுத்தவர்களுக்கு நிலமும் பட்டமும் கொடுத்தாக வேண்டும். அப்படிப் பூலாவ் தாவாரைப் பெற்றவர் தோக் காஜா, சுமத்ராவிலிருந்து வந்த ராவா மக்களின் வழியில் வந்த வீரர். 2022-ல் திரையரங்குகளில் கூட்டம் நிறைந்த மாட் கிலாவ் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மாட் கிலாவின் தந்தைதான் இவர். தோற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. முத்தாஹிரின் மற்றப் பிள்ளைகள் சிலாங்கூர்ப் பக்கம் ஒதுங்கி மீண்டும் மீண்டும் எல்லையில் தாக்கினார்கள். அதனால் அப்போது சிலாங்கூரில் நடந்துகொண்டிருந்த உள்நாட்டுச் சண்டைக்குள் வான் அகமது படை அனுப்ப நேர்ந்தது. 1873-ல் கோலாலம்பூரை மீட்டதில் பகாங் வீரர்களின் பங்கு பெரியது. 1880-களின் தொடக்கத்தில் அவர் சுல்தான் என்று அறிவிக்கப்பட்டார். அப்போது அவருடைய சொந்தத் தம்பி வான் மன்சூர், அண்ணனோடு பிணங்கிச் சிங்கப்பூரில் வெள்ளைக்காரர் தயவை நாடினார். அண்ணனிடம் பங்கு கேட்ட தம்பி, இப்போது பங்கு கேட்கப்படும் அண்ணன் ஆகிவிட்டார்.

வெள்ளைக்காரர்கள் இந்த வித்தையை எப்போதோ பழகியவர்கள். தஞ்சாவூரில் துளஜா மன்னர் இறந்தபின் தத்துப்பிள்ளை சரபோஜிக்கும் சித்தப்பா அமர்சிங்குக்கும் வழக்கு வந்ததே, 1798-ல் சரபோஜியைக் கும்பினி பட்டத்தில் உட்கார வைத்து, மறுவருடமே நாட்டின் நிர்வாகத்தை எழுதி வாங்கிக்கொண்டது. நம் மலைக்கு மறுபக்கம் பேராக்கில் இதே ஆட்டம். 1871-ல் சுல்தான் இறந்தார், பட்டம் இஸ்மாயிலுக்குப் போனது, ஒதுக்கப்பட்ட அப்துல்லா தன்னைச் சுல்தானாக்கினால் ஆங்கில ஆலோசகரை ஏற்பதாக எழுதினார். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை. அந்த வழியில் பேராக்குக்கு ரெசிடெண்டாக, அதாவது ஆங்கில ஆலோசகராக, வந்த ஹியூ லோ காலத்தில்தான் கோலா கங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. பிறகு கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்தார்கள்.

பகாங்குக்கு வருகிறேன். 1887-ல் இருபது வயது ஆங்கில அதிகாரி ஹியூ கிளிஃபோர்டு பெக்கானுக்கு அனுப்பப்பட்டார். உடன்படிக்கை கையெழுத்தானது. 1888-ல் அரண்மனைக்கு அருகே ஆங்கிலப் பிரஜையான ஒரு சீன வணிகர் குத்திக் கொல்லப்பட்டார். அதையே சாக்காக வைத்து ரெசிடெண்ட் பதவி திணிக்கப்பட்டது. வரி வாங்கும் உரிமை தலைவர்கள் கையிலிருந்து போய், அவர்களுக்கு மாதப்படி என்றானது. எதற்காக 1857-ல் ரத்தம் சிந்தினார்களோ அந்த ஆற்று வாய் வரி, முப்பது வருடத்தில் யாருக்குமே இல்லாமல் அந்நியனுக்குப் போனது. 1891-ல் செமந்தான் தலைவர் டத்தோ பஹாமான் கிளர்ந்தார், தோக் காஜாவும் மாட் கிலாவும் சேர்ந்தார்கள். நான்கு வருடம் காட்டில் போராடினார்கள். இறந்துவிட்டதாக எண்ணப்பட்ட மாட் கிலாவ் 1969-ல் கிழவராக வெளிப்பட்டு, மறுவருடம் இறந்தார். இந்த மண்டபத்தில் இருக்கும் சில பெரியவர்கள் அன்றைக்குப் பத்திரிகையில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நாம். 1885-ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பேராக் பக்கத்திலிருந்து ஏறி இந்த மேட்டுநிலத்தைக் குறித்தார். அப்போது இது சுல்தான் அகமதுவின் நாடு, ரெசிடெண்ட் இல்லாத நாடு. நாற்பது வருடம் கழித்து, 1925-ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து மலைவாசத்தலம் அமைக்கலாம் என்றார். 1929-ல் ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம். 1931-ல் தாப்பா சாலை. கங்காணிகள் கூட்டிவந்த நம் தாத்தா பாட்டிமார் காடு வெட்டி, சரிவில் முள்வேரைப் பிடுங்கி, கன்று ஊன்றினார்கள். 1938-ல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மலாய்த் தந்தையின் உயிலில் இரண்டு ஆறுகளின் பெயர் எழுதப்படாமல் இருந்திருந்தால் இந்த வரிசை இப்படியே வந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வேறு வழியில் வெள்ளைக்காரன் வந்திருக்கலாம். ஆனால் வந்த வழி இதுதான்.

நாம் நம் கதையைக் கப்பலிலிருந்து தொடங்குகிறோம். நாகப்பட்டினம், பினாங்கு, கங்காணி, லயம், துரை. அது நம் கதைதான், ஒரு வரி விடாமல் சொல்ல வேண்டிய கதை. ஆனாலும் நாம் வந்து ஏறிய மண்ணுக்கு அதற்கு முன்னால் ஒரு கதை இருந்தது. அதை மலாய்க்காரர் கதை என்று தள்ளிவைத்துவிட்டோம். என் வகுப்பிலும் தேர்வுக்கு நான்கு வரி, அதோடு சரி. அது என் தவறு, இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பகாங்குக்கு நாம் முதுகைக் காட்டிக்கொண்டே வாழ்ந்துவிட்டோம். சாலை தாப்பாவுக்கு இறங்கியது, அதனால் நாமும் பேராக்குக்கே இறங்கினோம். கல்யாணச் சேலைக்கு ஈப்போ, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஈப்போ. ஆறுகூட அப்படித்தான் ஆனது. ரிங்லெட் அணை எழும்பிய பிறகு பெர்த்தாம் தண்ணீரின் பெரும்பகுதியும், சுரங்கத்தில் திருப்பிய தெலோம் தண்ணீரும் மலையைக் குடைந்து பேராக்குக்குப் போகின்றன. அணைக்குப் பெயர் சுல்தான் அபு பாக்கார். நம் வான் அகமதுவின் பேரன். தண்ணீர் போய் விழுகிற மின்நிலையத்துக்குப் பெயர் பேராக்கின் சுல்தான் யூசுப். ஆற்று வாய்க்காகச் சண்டை போட்டவர்கள், ஆற்றையே மறுபக்கம் திருப்ப முடியும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி பிள்ளைகளிடம் பேசுகிறேன். உங்கள் விளையாட்டு நல்ல விளையாட்டு. விடாதீர்கள். ஆனால் அடுத்த முறை வரைபடத்தைக் கோட்டையிலிருந்து வரையத் தொடங்காதீர்கள். ஆற்றின் வாயிலிருந்து வரையுங்கள். அங்கே யார் வரி வாங்குகிறான் என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் தானாக முளைக்கும். மூத்தவனுக்கு வீரம் இவ்வளவு, தம்பிக்குப் புத்தி இவ்வளவு என்று எண் கொடுக்கிறீர்களே, அதோடு அவனவனுக்கு யார் கடன் கொடுத்தார்கள், எந்தத் துறைமுகத்தில் அவனுக்குத் தஞ்சம் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். தோற்றவனுடைய பிள்ளைகளை மறக்காதீர்கள், அவர்கள் திரும்பி வருவார்கள். விளையாடுகிறவர்களில் ஒருவர் பிரபுவாக இல்லாமல், படகு தள்ளுகிறவனாக வரட்டும். இன்னொருவர் காட்டில் அகில் எடுத்துவிட்டு, அடிமை பிடிக்கும் கும்பலின் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செமாய்ப் பெண்ணாக வரட்டும். துன் கூடுவாக வருகிறவள், "என்னைக் கேட்டீர்களா?" என்று அவையில் கேட்கட்டும். சரித்திரத்தில் அவளுக்குக் கிடைக்காத வாய் உங்கள் விளையாட்டில் அவளுக்குக் கிடைக்கட்டும்.

அன்று கேள்வி கேட்ட தங்கை அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, உன் கேள்விக்கு என்னிடம் இன்றும் ஒரு பெயர் பதிலாக இல்லை. உயிலைப் பார்த்தால் தம்பி, மூப்பைப் பார்த்தால் அண்ணன். வரி கட்டியவனைப் பார்த்தால் இருவருமே ஆறு வருடம் அவனிடம் வாங்கித் தின்றவர்கள்.

ஒன்று மட்டும் செய்யலாம் என்று இளைஞர்கள் சிலரும் நானும் பேசியிருக்கிறோம். அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் ஒரு வேன் எடுக்கிறோம். தாப்பா வழியாக இல்லை. சுங்கை கோயான் சாலையில் கிழக்கே இறங்கி, கோலா லிப்பிஸில் ஜெலாயைப் பார்த்து, தெமெர்லோவில் பகாங் ஆற்றைப் பார்த்து, பெக்கான் போய், அங்கே இருக்கும் சுல்தான் அபு பாக்கார் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆற்று வாயில் போய் நிற்பதாகத் திட்டம். எழுபது வயதில் நானும் அந்த இடத்தை இன்னும் பார்த்ததில்லை. பதினான்கு இடத்தில் பத்து நிரம்பிவிட்டது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் தம்பியிடம் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் புறப்பாடு. கீழே வெயில் அதிகம், சுவெட்டர் வேண்டாம், தொப்பி எடுத்து வாருங்கள்.